தொப்பி பின்னிய கைதி

கப்பல்துறையில் கப்பல் இல்லை. திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் கடலைத் தேடுவார்கள். கண்ணில் படுவது பற்றைக்காடும் வளவுகளும்தான். சீனக்குடாப் பக்கம் போனால்தான் பிரிட்டிஷ்காரர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்களும் அவற்றுக்கு அப்பால் துறைமுகத் தண்ணீரும் தெரியும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கொட்டியாரக் குடா, மூதூர். உலகம் முழுவதும் வாசித்த ஒரு நாவலின் வேர்களில் ஒன்று அந்தக் கரையில்தான் கிடக்கிறது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புது மரம் வெட்டிப் பொருத்தக் கொட்டியாரத்துக்கு வந்தது. கப்பித்தானும் அவருடைய 19 வயது மகன் ரொபர்ட் நொக்ஸும் இன்னும் சிலரும் 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அடுத்த வருடம் தகப்பன் காய்ச்சலில் செத்தார். மகன் ஏறக்குறைய 20 வருடம் மலைநாட்டுக் கிராமங்களில் திறந்தவெளிக் கைதியாக இருந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போய்ச் சேர்ந்தான். 1681இல் லண்டனில் அவன் எழுதிய புத்தகம் அச்சாயிற்று. டேனியல் டீஃபோ அதை வாசித்தார். 1719இல் ‘ரொபின்சன் குரூசோ’ வந்தது. அதற்குக் கிடைத்த உரங்களில் நொக்ஸின் சிறைவாழ்வும் ஒன்று என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. அடுத்த வருடம் வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலிலோ டீஃபோ நொக்ஸின் கதையைப் பெயரோடே எடுத்துச் சொன்னார்.

கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் என் அக்காவின் மகன் ஒரு மழை நாளில் கேட்டான்: “மாமா, நொக்ஸின்ட கதைய நான் கேமாச் செய்யட்டா, இல்லாட்டி நீங்க நாவலா எழுதப்போறீங்களா?”

யார் முந்துவது என்பதுதான் அவன் கேட்டது. எனக்கோ அது வேறு கேள்வியாகப் பட்டது. ஒரு கதை எந்த உருவத்தைக் கேட்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வழக்கமான பதில் ஒன்று உண்டு. ஓட்டம், சண்டை, தப்பித்தல் என்றால் கேம். மனசுக்குள் நடப்பது என்றால் நாவல். இந்தப் பதில் எவ்வளவு பலவீனமானது என்று பார்க்க ‘பொன்னியின் செல்வ’னை எடுத்தால் போதும். வந்தியத்தேவன் இரண்டு ஓலைகளோடு புறப்படுகிறான். ஒன்று அரசருக்கு, மற்றது குந்தவைக்கு. வழியில் வேவு, மாறுவேடம், சுரங்கப் பாதை, பிறகு கடல் கடந்து ஈழம். இதைவிடக் கேம் போன்ற தொடக்கம் தமிழில் கிடையாது. ஆனாலும் 1950இலிருந்து 1954 வரை வாரம் வாரம் காத்திருந்து வாசித்தவர்களைக் கட்டிப்போட்டது குதிரையோட்டம் மட்டும் இல்லை. யார் பொய் சொல்கிறார்கள், யார் எதை மறைக்கிறார்கள், நந்தினி யார் என்கிற கேள்விகள்தான். ஓட்டத்தை நாமே ஓட்டினால் அந்தக் கேள்விகள் பின்னால் போய்விடும். மறுபக்கம், மனசுக்குள் நடப்பதெல்லாம் நாவலுக்குத்தான் என்றால் ‘டிஸ்கோ எலீசியம்’ என்ற கேமை எங்கே வைப்பது? அதில் துப்பறிவாளனின் மூளைப் பகுதிகளே ஒன்றோடொன்று வாக்குவாதம் செய்கின்றன.

அந்தக் கேமின் பின்கதை நம் கேள்விக்கு மிக நெருங்கிய சாட்சி. எஸ்தோனியாக்காரரான ரொபர்ட் குர்விட்ஸ் தான் நண்பர்களோடு வருடக்கணக்காகக் கற்பனை செய்து விளையாடிய உலகத்தை வைத்து 2013இல் நாவல் ஒன்று எழுதினார். ஏறக்குறைய ஆயிரம் பிரதிதான் விற்றது. மனிதர் ஒடிந்துபோனார். இன்னொரு எழுத்தாளரான கௌர் கெந்தர்தான் இதைக் கேமாகச் செய் என்று தள்ளினார். 2019இல் வந்த அந்தக் கேமில் எழுத்து மட்டும் பத்து இலட்சம் சொற்களுக்கு மேல். அதாவது நாவலில் தோற்றவர் எழுத்தைக் குறைத்து வெல்லவில்லை, கூட்டித்தான் வென்றார். அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி வளர்ந்த உலகம். அதற்குள் ஒருவர் தானே நடந்து, தானே பிழைவிட்டு, தானே வெட்கப்பட வேண்டியிருந்தது.

ஒரு கதை உருவம் மாறுவது திருகோணமலைக்குப் புதிதில்லை. இந்த மண்ணின் இன்னாசித்தம்பி 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்டார். ஈழத்தின் தொடக்க நாவல்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஓர்சன், வலன்டைன் என்ற இரட்டையரில் ஒருவன் கரடியிடமும் மற்றவன் அரண்மனையிலும் வளர்கிற ஐரோப்பியப் பழங்கதைதான் அது. அங்கே எத்தனையோ வடிவில் சுற்றிய கதை, இங்கே தமிழ் உரைநடையில் வந்து உட்கார்ந்தது. 4 வருடம் கழித்து இதே ஊர்க்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்டார், தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் அதைக் குறிப்பார்கள். அன்றைக்கு நாவலே புது உருவம், இன்றைக்குக் கேம் போல. பெரியவர்கள் அன்றும் முகஞ்சுளித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

சரி, நொக்ஸுக்கு வருவோம். மருமகன் கேட்ட பிறகு நான் அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து, பென்சிலால் இரண்டு விதமான கோடு போட்டேன். அவன் திரும்பத் திரும்பச் செய்ததற்கெல்லாம் ஒற்றைக் கோடு. வாழ்க்கையில் ஒருக்கா மட்டும் நடந்ததற்கு இரட்டைக் கோடு.

ஒற்றைக் கோடு பக்கம் பக்கமாகப் போயிற்று. நொக்ஸ் தொப்பி பின்னினான், விற்றான். நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். பன்றி வளர்த்தான். பிறகு பொட்டணி வியாபாரியாகக் கூட்டாளி ஸ்டீபன் ரட்லண்டோடு வடக்கு நோக்கிப் போய் வந்தான். ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சத் தூரம். எந்தக் கடவையில் முட்கதவு போட்டுக் காவல் நிற்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த ஊரில் என்ன கேட்பார்கள் என்று வருடக்கணக்காகப் பாடம் பண்ணினான். கடைசித் தரம் அனுராதபுரப் பக்கத்து அதிகாரியிடம் அகப்பட்டபோது, உலர்த்திய மான் இறைச்சி வாங்க வந்தோம் என்று சொல்லிச் சமாளித்தான். பிறகு அருவியாற்றுக் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே இறங்கினான்.

கேம் செய்கிற எவரும் இதைப் பார்த்தால் கையைத் தேய்த்துக்கொள்வார். இருப்பு உண்டு, கடன் உண்டு, சந்தேகம் ஏறி இறங்குகிற காவல் உண்டு, போகப் போகத் தெளிகிற வரைபடம் உண்டு. 2014இல் இங்கிலாந்தின் இங்கிள் நிறுவனம் ஜூல்ஸ் வெர்னின் நாவலை ‘80 டேஸ்’ என்ற கேமாக்கியபோது எடுத்துக்கொண்டதும் இந்த அடுக்கைத்தான். எழுதியவர் மெக் ஜயந்த். அவர்கள் செய்த கெட்டித்தனமான வேலை, விளையாடுகிறவரைச் சீமானாக வைக்காமல் அவருடைய பணியாளாக வைத்தது. பெட்டியில் என்ன அடுக்குவது, எந்தக் கப்பல் பிடிப்பது, காசு எங்கே மாற்றுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது பணியாள்தானே. வெர்னின் கதையில் திரும்பத் திரும்ப நடக்கிற வேலை யார் கையில் இருந்ததோ அந்தக் கையை நமக்குத் தந்தார்கள்.

இரட்டைக் கோடு மிகக் கொஞ்சம். தகப்பன் செத்த இடம் அதில் முதலாவது. மகனும் காய்ச்சலில் கிடக்கிறான். புதைக்க உதவி கேட்டபோது ஊரவர்கள் மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து, கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப்போகலாம் என்கிறார்கள். அவன் கூலிக்கு ஒருவனைப் பிடித்து அடக்கம் செய்கிறான். இன்னொன்று பைபிள். ஒரு கிழவன், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில் தன் கைக்கு வந்த ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்து, வாங்குகிறாயா என்று கேட்கிறான். திறந்தால் பைபிள். ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து அதை வாங்குகிறான். மூன்றாவது, தப்பிப் போகும்போது தான் வளர்த்த சிறுமி லூசியாவை விட்டுவிட்டுப் போனது.

எனக்கு விஷயம் பிடிபட்டது அந்தப் பைபிளில்தான். தொப்பி கொடுத்துப் பொருள் வாங்குவது அவன் நூறு தரம் செய்த காரியம். அதே காரியம் ஒரு நாள் இப்படி ஆயிற்று. நாவல்காரன் அந்த ஒரு நாளை எழுதுவான். மிச்சத் தொண்ணூற்றொன்பதையும் ‘தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தான்’ என்று ஒரு வரியில் கடந்துபோவான், போகத்தான் வேண்டும். கேம் அந்தத் தொண்ணூற்றொன்பதையும் நம் கையால் செய்ய வைக்கும். நூல் தீர்ந்து, விரல் மரத்து, தொப்பியின் விலை நமக்கே மனப்பாடமான பிறகு கிழவன் வந்து நின்றால், அந்த ஒரு தொப்பியைக் கொடுக்கிறபோது நமக்கு ஏதோ செய்யும். ஆக, நான் என் மருமகனுக்குச் சொன்ன சோதனை இதுதான்: கதையின் பாரம் திரும்பச் செய்வதில் இருக்கிறதா, ஒருக்கா நடந்ததில் இருக்கிறதா என்று பார்.

பாத்திரத்தின் மனசா, கையா என்று பார்ப்பதைவிட இது உதவுகிறது. ஒரே அனுபவத்தின் இரண்டு கரைகளை எடுங்கள். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. அகதி விண்ணப்பத்தில் தொடங்கி, அடிக்குறிப்புகளோடு நடக்கிற நாவல். மேசைக்கு முன்னால் நிற்கிறவனின் கடதாசி அது. லூக்காஸ் போப் 2013இல் தனியாளாகச் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ மேசைக்குப் பின்னால் இருக்கிறவனின் கதை. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நாம் அதிகாரி. கடவுச்சீட்டைப் பார், திகதியைப் பார், முத்திரை குத்து, அடுத்த ஆள். பிழை விட்டால் சம்பளம் குறையும். குறைந்தால் வீட்டில் சாப்பாட்டுக்கும் சூட்டுக்கும் வழியில்லை. ஒரு தாயைத் திருப்பியனுப்பிவிட்டு அடுத்த கடதாசியைக் கூப்பிடுகிற நம் வேகம் நமக்கே பயத்தைத் தரும். அதிகாரிக்கு அது ஆயிரமாவது கடதாசி, அகதிக்கு அது ஒன்றே ஒன்று. ஆயிரம் கேமுக்குப் போயிற்று, ஒன்று நாவலுக்குப் போயிற்று. இரண்டையும் மாற்றிப்போட்டால் இரண்டும் கெட்டுவிடும். எத்தனையோ சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்த நம் மாவட்டத்து ஆட்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

தமிழரின் சொந்த உதாரணம் ‘வெண்பா’. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 யூலையில் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பம். தாய் வெண்பா, மகன் கவின். தாய்வழி வந்த சமையல் கொப்பி கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த ஒழுங்கில் போகும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். இதே கதையைச் சிறுகதையாக எழுதினால் புலம்பெயர் எழுத்தில் நாம் நூறு தரம் வாசித்த கதைதான்: பிள்ளை தமிழை விட்டுப் போகிறான், தாய் தனித்துப் போகிறாள். அதைக் கேமாக நிறுத்தியது அடுப்படி. சமையல் திரும்பத் திரும்பச் செய்து கைக்கு வருகிற அறிவு. கொப்பியில் அழிந்த வரியைக் கைதான் நிரப்ப வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிற இந்தச் சின்னக் கேம் 2024இல் சுயாதீனக் கேம் விழாவின் பெரும் பரிசையும் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதையும் வாங்கியது. நீளம் குறைவு என்று முறைப்பட்டவர்களும் உண்டு. எனக்கு அந்த நீளம் சரி. சமையல் அலுக்க முந்தியே நிறுத்தத் தெரிந்திருந்தது.

சோதனை எல்லா இடத்திலும் வேலை செய்யுமா? இல்லை. 2017இல் வந்த ‘வட் ரிமெய்ன்ஸ் ஒஃப் ஈடித் ஃபிஞ்ச்’ கேமில் மீன் ரின் தொழிற்சாலைக் காட்சி ஒன்று வருகிறது. ஒரு கையால் மீன் தலையை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றக் கையால் அந்தத் தொழிலாளி கனவு காண்கிற இராச்சியத்தில் நடக்க வேண்டும். கனவு பெருத்துத் திரையை மூடும். வெட்டுகிற கை தன்பாட்டில் வெட்டும். கடைசியில் நடப்பது ஒருக்கா மட்டும் நடக்கிற விஷயம், அவனுடைய சாவு. அதுவும் அதே கை அசைவில் வந்துவிடுகிறது. அந்த ஒன்றைக் கொண்டுவரத் திரும்பச் செய்வதையே படியாகக் கட்டினார்கள். நாவலில் இதற்கு ஈடு செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். பெரிய எழுத்தாளர் யாராவது செய்துகாட்டுவார். ஆனால் என்னால் முடியாது.

போரை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூரானது. இடப்பெயர்வு என்பது பார்க்கப்போனால் திரும்பத் திரும்ப நடப்பதுதான். மூட்டை கட்டு, நட, கூடாரம் அடி, தண்ணீர் வரிசை, நிவாரண வரிசை, திரும்ப மூட்டை கட்டு. சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துப் போலந்துக்காரர்கள் 2014இல் செய்த ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ இந்தப் பாட்டைத்தான் எடுத்தது. அதில் நாம் சிப்பாய் இல்லை. இடிந்த வீட்டில் அடுப்பு மூட்டவும் மருந்து தேடவும் அல்லாடுகிற சாதாரண சனம். 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான துணை வாசிப்புப் பட்டியலில் சேர்க்கிற அறிவிப்பை விட்டது. ஒரு கேமை ‘வாசிப்பு’ என்று அரசு ஒன்று ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் எந்தக் கேமிலும் ‘திரும்பத் தொடங்கு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நம் ஊர்களில் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு முன்னால் அந்தப் பொத்தானை வைக்க எனக்குக் கை வராது. சயந்தனின் ‘ஆறாவடு’வும் குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ம் நாவலாக வந்தது சும்மா இல்லை. நாவலில் செத்தவர் செத்தவர்தான். முன்பக்கத்தைப் புரட்டினால் உயிரோடு இருப்பார், ஆனால் அவரைக் காப்பாற்ற நமக்கு வழியில்லை. அந்த வழியில்லாமையே அங்கே உண்மை. இதில் நான் பிடிவாதக்காரன் என்று மருமகன் சொல்கிறான். அடுத்த தலைமுறை வேறு மாதிரி முடிவெடுக்கலாம், எடுக்கட்டும்.

நம் வீட்டுப் பக்கத்துக் கதை ஒன்றையும் இந்தக் கண்ணால் பாருங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவில் வரிசையாய் நிற்கிற எண்ணெய்க் குதங்களில் 91ஆவதில் ஒரு விமானம் வந்து மோதியது. நாள்கணக்காக எரிந்தது என்பார்கள். உருகிச் சுருங்கிய இரும்பு இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது. கேட்டவுடனே எல்லோரும் கேம் என்பார்கள்: விமானம், பீரங்கி, துறைமுகம். எனக்கு அது கேமே இல்லை. மோதுவது ஒருக்கா. அதைப் பத்துத் தரம் மோதிப் பழகினால் அந்தச் சாவுக்கு அர்த்தம் போய்விடும். அது சிறுகதை, அதுவும் விமானத்துக்குள் இருந்து இல்லை, கீழே வேலை செய்த ஒரு கூலியாளின் வீட்டிலிருந்து சொல்ல வேண்டிய கதை. மூதூர் வ. அ. இராசரத்தினம் இருந்திருந்தால் எழுதியிருப்பார். ‘தோணி’ எழுதிய கைக்கு அந்த அளவு தெரியும். மாறாக, கோணேசர் மலையடிக் கடலுக்குள் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்ட கதை நாவலுக்கு மெலிவு. இறங்கு, தேடு, மூச்சு முடிய மேலே வா, திரும்ப இறங்கு. அது அப்படியே கேம்.

கைச்செலவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருடைய முடிவு அங்கேதான் தீர்கிறது. நாவலுக்கு ஒரு ஆளும் கொப்பியும் போதும். பத்து வருடம் லாச்சிக்குள் கிடந்தாலும் கெட்டுப்போகாது. அச்சடிக்கிற சில நூறு பிரதியில் பாதியை எழுத்தாளனே சுமந்து திரிவான், அது வேறு கதை. கேமுக்கு எழுதுகிறவர், வரைகிறவர், இசைக்கிறவர், நிரல் எழுதுகிறவர் வேண்டும். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரு கேமை ஏற்ற 100 டொலர் கட்ட வேண்டும். ஐந்து வருடத்தில் தொலைபேசியே மாறிவிடும். தமிழுக்கென்று தனித் தொல்லை, எழுத்து. சில கேம் இயந்திரங்களில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி நிற்கும். 2023இல் வந்த கொடோ 4 போன்றவை இந்த எழுத்துக் கோவையைச் சரியாகக் கையாள்கின்றன. எழுத்தை மட்டும் நம்பிக் கிளைக்கதை செய்கிறவர்களுக்கு ட்வைன் 2009 முதலும் இங்க் 2016 முதலும் இலவசமாகவே கிடைக்கின்றன. நாவலுக்கும் கேமுக்கும் இடையில் தயங்குகிறவர்கள் முதலில் அங்கே ஒரு இருபது பக்கம் எழுதிப் பார்ப்பது நல்லது.

அதைவிட மலிவான சோதனை பாயில் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவு பரமபதம் விளையாடிய வீடுகளில் யாரும் கதை என்று ஒன்றைச் சொல்லவில்லை. பாம்பும் ஏணியும் தாயமும்தான். ஆனாலும் மேலே ஏறியவன் ஒரே உருட்டில் அடிக்கு வந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அட்டையும் பகடையும் வைத்து அரை மணித்தியாலம் உங்கள் கதையை விளையாட முடிந்தால், அதற்குள் கேம் இருக்கிறது. ஒவ்வொரு உருட்டுக்கும் இடையில் ‘பொறு, இவன் ஏன் இப்படிச் செய்தான் தெரியுமோ’ என்று நீங்கள் விளக்கவேண்டி வந்தால் பேனையை எடுங்கள்.

மருமகன் அதைத்தான் செய்தான். பழைய கலண்டர் மட்டையை வெட்டி அட்டை பண்ணினான். தொப்பி, நெல், பன்றி, முட்கதவு, அருவியாறு. விறாந்தையில் பாய் போட்டு மூன்று இரவு விளையாடினோம். முதல் இரவு நான் அனுராதபுரத்திலேயே அகப்பட்டேன். மூன்றாம் இரவுதான் அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தேன், மான் இறைச்சிப் பொய்யைச் சொல்லி. நூறாவது தொப்பியில் எனக்கு உண்மையிலேயே விரல் நொந்ததுபோல இருந்தது.

தகப்பனுடைய அட்டை தொடக்கத்திலேயே வரும். அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெளிநாட்டில் 2011இலிருந்து ஒரு வகை மேசை விளையாட்டு இருக்கிறது, அதில் சில அட்டைகளைக் கிழித்தெறியச் சொல்வார்கள், பிறகு அந்த விளையாட்டுப் பெட்டியில் அவை இல்லவே இல்லை என்றான். “இதையும் அப்படி வைப்பம் மாமா. விளையாடுற ஆள் கிழிக்க வேணும். திரும்ப விளையாடினாலும் அந்த அட்டை இராது.”

என்னிடம் நீட்டினான். கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் ஏதோ ஒரு மாதத்துத் திகதிகள் தெரிந்தன. முன்பக்கம் பேனையால் ஒரு கிழவனின் முகம், அவ்வளவு நன்றாக வரையவில்லை. நான் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் இன்னொன்று வெட்டித் தாறன் என்றான்.